வராத கொட்டாவி

உலகம்மைக்குக் கொட்டாவி வரவில்லை. இந்தக் கதை அதைப் பற்றியதுதான். சொல்லுகிறவர்களில் சிலர் அவளுடைய மகளிடமிருந்து தொடங்குவார்கள். வேறு சிலர் அவளுடைய குருவின் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து தொடங்குவார்கள். எங்கே தொடங்கினாலும் அந்தக் கொட்டாவிக்கு வந்து சேர்ந்துதான் ஆக வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் நான்காம் மாடியில் உலகம்மை இருந்தாள். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். ஒற்றெழுத்து ஒன்று விட்டுப்போனாலும் அவளுக்கு உள்ளங்கால் அரிக்கும்.

குரு அவளைவிட இருபது வயது இளையவள். இரண்டாம் மாடியில் இருந்தாள். பெயர் பகவதி. பகலில் கண்ணாடிக் கடையில் வருகிறவர்களின் கண்ணைப் பரிசோதித்து, எந்தக் கண்ணாடி பொருந்தும் என்று எழுதித் தருவாள். பொழுது சாயும்போது வீட்டில் பார்வை பார்ப்பாள், அதாவது கண்ணேறு கழிப்பாள். விடாமல் அழுகிற குழந்தைகள், சோறு இறங்காத பெரியவர்கள், காரணம் சொல்லத் தெரியாமல் சோர்ந்து கிடப்பவர்கள் என்று பலரும் அவளைத் தேடி வருவார்கள். அவர்களைக் கூடத்தில் கிடந்த மர நாற்காலியில் அமர்த்தி, வேப்பங்கொத்தால் தலையிலிருந்து கால்வரை தடவி, வாய்க்குள் மந்திரம் சொல்லுவாள்.

சொல்லச் சொல்ல அவளுக்குக் கொட்டாவி வரும். தாடை விரிய, கண்ணில் நீர் கோக்க, ஒன்றன்பின் ஒன்றாக வரும். அமர்ந்திருப்பவர்மேல் விழுந்த பாரம் பார்ப்பவர் வழியாக வெளியேறுகிறது என்பது அங்குள்ளோர் துணிபு. கொட்டாவி வந்தால் பார்வை இறங்கிற்று. வராவிட்டால், பார்ப்பவருக்கு இன்னும் கை வரவில்லை.

உலகம்மைக்குக் கை வர வேண்டியிருந்தது.

அவளுடைய ஒரே மகள் பூங்கோதை. ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்து, தாய்வீட்டுக்கு வந்து படுத்திருந்தாள். உடம்பு தேறிவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனாலும் அவள் சுவரைப் பார்த்தே கிடந்தாள். தலை வாரவில்லை. தட்டில் வைத்த சோறு தட்டிலேயே ஆறியது. நலம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களில் கடைசியாக வந்த பெண்மணி, “அடுத்தது நல்லபடியா நிக்கும்” என்று சொன்ன பிறகு, பூங்கோதை அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

“கீழ பகவதிட்ட ஒருதரம் பாத்துட்டு வருவமா?” என்று உலகம்மை கேட்டாள்.

“என்னைய யாரும் பாக்க வேண்டாம்.”

“அவ நல்ல பிள்ளையாக்கும்.”

“நீ பாக்கதுன்னா பாரும்மா. வேற ஒரு ஆளு எம்மேல கை வைக்கப்பிடாது.”

மகள் ஒப்புக்கொண்டது அது ஒன்றுக்குத்தான். உலகம்மை அன்றைக்கே இரண்டு மாடி இறங்கினாள்.

*

“எனக்குப் பார்வை பாக்கக் கத்துத் தரணும், குருவே” என்றாள்.

பகவதி சிரித்துவிட்டாள். “குருன்னு கூப்பிட்டா நான் வீட்டைக் காலி பண்ணிட்டு ஓடணும். பகவதின்னே கூப்பிடுங்க, சித்தி.”

“கத்துத் தருவியா?”

“யாருக்குப் பாக்கணும்?”

உலகம்மை சொன்னாள். பகவதி கேட்டுக்கொண்டாள். பிறகு விதிகளைச் சொன்னாள். பார்த்து முடிந்ததும் வேப்பங்கொத்தை முச்சந்தியில் போட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்வை பார்க்க வந்தவரும் பார்த்தவரும் ஒருவருக்கொருவர் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. தனக்குத் தானே பார்த்துக்கொள்ளக் கூடாது.

“கொட்டாவி வார வரைக்கும் பூங்கோதைக்குப் பாக்காதிய. மத்தவங்களுக்குப் பாத்துப் பழகுங்க.”

“கொட்டாவி எப்ப வரும்?”

“தூக்கம் எப்ப வரும்னு யாரும் சொல்ல முடியுமா?”

பின்பு மந்திரத்தைச் சொன்னாள். சிறிய மந்திரம்.

வாசலில் நின்ற கண் வாசலோடு போ.
கிணற்றில் பார்த்த கண் கிணற்றோடு போ.
படியேறி வந்த கண்

அத்தோடு நிறுத்திவிட்டாள்.

உலகம்மை காத்திருந்தாள். “அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“வரி முடியலையே.”

“ஆமா.”

“மூணாவது வரியில பாதிதானே நிக்கி? படியேறி வந்த கண் என்ன செய்யணும்?”

“எனக்குத் தெரியாது, சித்தி.”

“உனக்குச் சொல்லித் தந்தவங்க முழுசாத் தரலையா?”

“மேலப்பாளையத்து ஆயிஷாம்மாதான் தந்தாங்க. முழுசாத்தான் தந்தாங்க. எனக்கு அங்க நின்னுட்டு.”

“மறந்துட்டுன்னா அவங்ககிட்டயே திரும்பக் கேட்டிருக்கலாமே?”

“கேக்கத் தோணலை” என்றாள் பகவதி. “போன மழைக்காலத்துல மவுத்தாயிட்டாங்க.”

உலகம்மை மேலே ஏறி வந்தாள். உள்ளங்கால் அரித்தது.

*

வரி முடியாத பாடத்தை அச்சுக்கு அனுப்புகிறவள் அல்லள் உலகம்மை. தேடத் தொடங்கினாள்.

தச்சநல்லூரில் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் பார்வை பார்த்தார். அவருக்கு அதே மந்திரம் படியைத் தாண்டி, “பந்தியில் பார்த்த கண்” வரை வந்தது. பேட்டையில் பூக்கட்டுகிற அம்மாள் ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் பந்தியையும் தாண்டி, “தொட்டிலைப் பார்த்த கண்” வரை வந்தது. அங்கே அவளுக்கும் வரி அறுந்தது. முழுதாகச் சொல்ல ஒருவரும் இல்லை. எங்கே நின்றது என்று கேட்டால் சொன்னார்கள். ஏன் நின்றது என்று கேட்டால் நடத்துநர் வெற்றிலைச் செல்லத்தைத் தேடினார், பூக்கட்டுகிறவள் நாரைப் பல்லால் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

உலகம்மை எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிந்து வந்து, ஒட்டவைத்து, கடைசியில் அந்தக் கண்ணை நடுக்கடலுக்குப் போகச் சொல்லித் தானே இரண்டு வரி கட்டி முடித்தாள். எதுகை மோனை சுத்தமாக வந்தது. படித்துப் பார்த்தபோது அவளுக்கே மெய்சிலிர்த்தது.

அத்துடன் நிற்கவில்லை. துணி துவைக்கும் எந்திரத்துக்கு மேலே ஒரு பலகை அடித்தாள். அதில் செப்புக் கலசம், நிலா வெளிச்சத்தில் வைத்தெடுத்த தண்ணீர், சாம்பிராணி, வாசனை மெழுகுவத்தி. வேற்று நாட்டுப் பெண்கள் தங்கள் வீட்டில் இப்படியெல்லாம் வைத்துப் பூசை செய்வதைக் காணொளிகளில் கண்டிருந்தாள். இளஞ்சிவப்பாக ஒரு கல்லும் வரவழைத்திருந்தாள்.

பகவதி ஒருநாள் மேலே வந்து அந்தப் பலகையைப் பார்த்தாள். கல்லைக் கையில் எடுத்தாள்.

“இது என்னத்துக்கு?”

“மன அமைதிக்குன்னு போட்டிருந்துது.”

“எந்த ஊருக் கல்லு?”

“பிரேசில்.”

“தமிழ் தெரியுமா இதுக்கு?”

உலகம்மைக்கு முகம் வாடிவிட்டது. பகவதி கல்லை எடுத்த இடத்திலேயே வைத்து, அதன்மேல் படிந்திருந்த சோப்புத் தூளை முந்தானையால் துடைத்தாள்.

“இருக்கட்டும், சித்தி. நம்ம வீட்ல இருந்து நாம பேசுததக் கேட்டுக் கேட்டு அதுவும் படிச்சிக்கிடும்.”

உலகம்மை தான் ஒட்டவைத்த மந்திரத்தைச் சொல்லிக் காட்டினாள். நீண்ட மந்திரம். பகவதி கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

“அழகா இருக்கு.”

“ஆனா?”

“ஆனான்னு ஒண்ணும் இல்ல. அழகா இருக்கு.”

*

அந்த நீண்ட மந்திரத்தை உலகம்மை பலருக்கும் சொல்லிப் பார்த்தாள். பகவதி அருகில் நிற்பாள். பள்ளிக்கூட வாத்தியார் வந்தார், பச்சைக் குழந்தை வந்தது, கல்யாணப் பேச்சு முறிந்த பெண் வந்தாள். ஒரு சொல் பிசகவில்லை. கொட்டாவியும் வரவில்லை. அவள் பார்த்து முடித்ததும் பகவதி வேப்பங்கொத்தை வாங்கி மறுபடி ஒருமுறை தடவுவாள். படியேறி வந்த கண்ணுக்கு வருமுன்னரே அவளுக்கு வாய் பிளந்துவிடும்.

உலகம்மை வீட்டுக்கு வந்ததும் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

“வந்துதா?”

“இன்னைக்கு இல்லட்டி.”

அவ்வளவுதான். பூங்கோதை ஒருநாளில் பேசும் பேச்சு அதுவாகவே இருந்தது. அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காகவே அவள் மாலைவரை விழித்திருக்கிறாளோ என்று உலகம்மைக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்த அவசரத்தில் ஒரு காரியம் செய்தாள். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஒருவர் நாற்காலியில் இருந்தார். மந்திரம் தொட்டிலைத் தாண்டிக் கடலுக்குப் போனதும் உலகம்மை வாயை அகலத் திறந்தாள். “ஆ” என்று நீளமாக ஓசை எழுப்பினாள். முடிவில் சொடக்கும் போட்டாள். வந்தவர் நிறைவாகத் திருநீறு பூசிக்கொண்டு போனார்.

பகவதி தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

“தூக்கம் வந்தா வீட்டுக்குப் போங்க, சித்தி.”

உலகம்மை டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது சிவந்தது.

“எப்படித் தெரிஞ்சுது?”

“கண்ணு காஞ்சு கெடந்துது. நான் பகல் பூரா கண்ணப் பாக்கவ இல்லியா?”

“என்ன தப்பு செய்யுதேன் பகவதி? ஒரு எழுத்து விடல. உன்னைய விட நாலு வரி கூடவே சொல்லுதேன். எனக்கு ஏன் வரல?”

பகவதி குனிந்து, உலகம்மையின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, துணியால் துடைத்து மாட்டிவிட்டாள்.

“கிட்டப் பாக்கதுக்கு நல்ல கண்ணாடி” என்றாள். “நான்தான் எழுதித் தந்தேன்.”

அன்று இரவுச் சோற்றுக்கு முன்பே பூங்கோதையின் குரல் வந்தது. “வந்துதா?”

உலகம்மைக்கு வந்தது என்று சொல்ல நா எழுந்தது. சாத்திய கதவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“வந்த மாதிரி நடிச்சேன்.”

“எப்படி?” என்றாள் மகள்.

உலகம்மை கதவுக்கு வெளியே நின்றபடி அந்தப் பொய்க் கொட்டாவியை மறுபடி விட்டுக் காட்டினாள், சொடக்கு உள்பட. உள்ளிருந்து மூச்சு ஒன்று கேட்டது. சிரிப்பில் பாதி இருக்கும்.

“எங்கிட்ட அப்படிச் செய்யாதம்மா.”

“செய்ய மாட்டேன்.”

*

மழை பெய்த ஒரு மாலை. விளக்கு வைக்கும் நேரம். உலகம்மை கீழே போனபோது கதவு திறந்தே கிடந்தது. பகவதி கடைக்குக் கட்டிப்போன சேலையோடு கூடத்தின் நடுவில் நின்றாள். வேப்பங்கொத்து ஒடித்து வைத்திருந்தது.

“மழைக்கு ஒருத்தரையும் காணுமே. இன்னைக்கு ஆளு இல்லையா?” என்று உலகம்மை கேட்டாள்.

“இருக்கு.”

“யாரு?”

பகவதி போய் அந்த மர நாற்காலியில் உட்கார்ந்தாள். வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் அவள் உட்கார்ந்து உலகம்மை பார்த்ததில்லை.

“எனக்குப் பாருங்க.”

“எனக்கு இன்னும் கை வரலையே.”

“எனக்கு நானே பாக்க முடியாது, சித்தி. ஆயிஷாம்மா இருக்க வரைக்கும் வெள்ளிக்கிழமைதோறும் போவேன். அவங்க பாப்பாங்க. அவங்க போன பொறவு எனக்கு ஒருத்தரும் பாக்கலை.”

“எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே?”

“நீங்க மந்திரம் கேட்டுக்கிட்டு இருந்தீங்க.”

அவள் குரலில் குறைப்பட்ட தொனி இல்லை. மழை பெய்கிறது என்று சொல்லுவதுபோலச் சொன்னாள்.

உலகம்மை வேப்பங்கொத்தை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் போனாள். இத்தனை நாளும் அவள் குருவின் முன்னால்தான் நின்றிருக்கிறாள், உதட்டைப் பார்த்தபடி. எந்தச் சொல் எங்கே வருகிறது என்று பிடிப்பதற்கு அதுதான் வசதி. பின்னாலிருந்து பார்ப்பது இதுவே முதல் தடவை.

தொடங்கினாள்.

“வாசலில் நின்ற கண் வாசலோடு போ.”

வேப்பங்கொத்து உச்சந்தலையில் இறங்கியது. தலைமுடி சிக்குப் பிடித்திருந்தது. மேலாக நீவி, அவசரமாக முடிச்சுப் போட்டிருந்தாள். காதுக்குப் பின்னால் கண்ணாடிக் காம்பு அழுத்திய தடம் இரண்டு பக்கமும் சிவந்து கிடந்தது.

“கிணற்றில் பார்த்த கண்”

கொத்து பிடரிக்கு வந்தது. கழுத்தின் பின்புறம் ஒரு சிறு குழி. பூங்கோதை சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது அந்தக் குழிதான் தெரியும். சிறு வயதில் எண்ணெய் தேய்க்கையில் பெருவிரலை அங்கே வைத்து அழுத்தினால் அவள் தலை தானாகச் சாயும். பகவதியின் ரவிக்கையில் கடைசிக் கொக்கி அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. ஊக்கு தலைகீழாகக் குத்தியிருந்தது. தன் முதுகுக்குத் தானே குத்திக்கொண்டால் அப்படித்தான் வரும்.

உலகம்மை அடுத்த சொல்லுக்காக வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை.

கிணறு போயிற்று, படி போயிற்று, பந்தி போயிற்று, தொட்டில் போயிற்று, தான் கட்டிய கடலும் போயிற்று. ஒன்றும் இல்லை. கொத்துப் பிடிக்காத கை தானாகப் போய் அந்த முடிச்சை அவிழ்த்தது. விரல்கள் சிக்கெடுத்தன.

“ஏளா, தலைய ஒழுங்கா வாரி எத்தன நாளாச்சு?”

பகவதியின் தோள் ஒருமுறை ஏறி இறங்கியது.

“மதியம் என்ன சாப்பிட்ட?”

“கடையில ஒரு பன்னு.”

“பன்னு ஒரு சாப்பாடாட்டி?” என்று உலகம்மை கேட்க ஆரம்பித்தாள். கேட்டு முடிக்க முடியவில்லை. தாடை தன்போக்கில் விரிந்தது. வாய் பிளந்து, காதுக்குள் ஏதோ அடைத்துத் திறந்து, இரண்டு கண்ணிலும் நீர் குபுகுபுவென்று வந்தது. மணிக்கட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே இப்படி ஆயிற்றே என்று கூசினாள். பொத்திய கைக்குள்ளேயே இன்னொன்று வந்தது.

மழை வலுத்தது. சிக்கெடுத்து முடியும்போது பகவதியின் தலை பின்னால் சாய்ந்து உலகம்மையின் வயிற்றில் படிந்தது. மூச்சு சீராக வந்தது. உறங்கிவிட்டாள்.

உலகம்மை அசையாமல் நின்றாள். கால் மரத்தது. மாற்றி வைக்கவில்லை.

*

மழை விட்டபிறகு பகவதி கண் விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவள்போலச் சற்றுப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள். தலையைத் தொட்டுப் பார்த்தாள். சிக்கு இல்லை. பின்னிவிட்டிருந்தது.

உலகம்மை குற்றம் செய்தவள்போல நின்றாள்.

“பாதியில மறந்து போச்சு, பகவதி. மறக்கக் கூடியவளா நான்? மொத்தமும் போயிட்டு. முதல்லருந்து ஒழுங்காப் பாக்கட்டா?”

“வேண்டாம்.”

“நடுவுல வேற பேச்சும் பேசிட்டேன். மந்திரத்துக்கு நடுவுல பன்னுக்கத.”

“கேட்டுது.”

“அடுத்த தடவ எழுதி வச்சிக்கிட்டுச் சொல்லுதேன்.”

பகவதி அவளுடைய முகத்தைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியின் உட்புறத்தில் நீர் தெறித்துக் காய்ந்த புள்ளிகள் இருந்தன. அவற்றைப் பகவதி இம்முறை துடைக்க வரவில்லை.

“எந்த எடத்துல நின்னுது?”

“கிணத்துல பாத்த கண்ணு. அதோட சரி. உனக்காவது படி வரைக்கும் ஏறிச்சு. எனக்கு அதுவும் இல்ல.”

“எங்க அண்ணன் எட்டு வருசம் கழிச்சு ஒருநாள் இந்தப் படியேறி வந்தான்” என்றாள் பகவதி. “அவனுக்குத்தான் மொதமொதல்ல பாத்தேன். கொட்டாவி அங்கதான் வந்துது.”

உலகம்மையின் உள்ளங்கால் அரிக்கவில்லை. நடத்துநர் வெற்றிலைச் செல்லத்தைத் தேடியதும், பூக்கட்டுகிறவள் நாரைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியதும் நினைவுக்கு வந்தன.

பகவதி எழுந்தாள். மிச்சமிருந்த வேப்பிலையில் புதிதாக ஒரு கொத்து ஒடித்து உலகம்மையின் இடக்கையில் வைத்தாள். பழைய கொத்து வலக்கையில் இருந்தது.

“அதை முச்சந்தியில போட்டுருங்க. இது மேல கொண்டு போகதுக்கு.”

“மேலயா?”

“பூங்கோதைக்கு.”

“ஒண்ணரை வரிதானே இருக்கு, பகவதி. மத்ததெல்லாம்?”

“அவளுக்கும் கிணறு வரைக்கும் சொல்லுங்க, சித்தி. உங்க மந்திரம் அவ்வளவுதான்.”

உலகம்மை போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. இரண்டு கையிலும் வேப்பிலையோடு முதலில் முச்சந்திக்குப் படியிறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.